சீன வகுப்பில் கற்ற ழகரம்

கல்லூரி மூன்றாம் ஆண்டில், பிப்ரவரி இறுதி தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை, ஒரு பருவம் முழுவதையும் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலுள்ள ச்சுவான்சோ நகரில் சீன மொழியும் பண்பாடும் படித்துக் கழித்தேன். ஊர் திரும்பியதிலிருந்து காசிமேட்டில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, அங்கே என்ன சாப்பிட்டாய் என்பதுதான். கிழங்கு மாவில் கரைத்த சிப்பிச் சதையை முட்டையோடு சட்டியில் வார்த்துத் தருவார்கள், ருசியாக இருக்கும், பாம்பு தின்னவில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

எங்கள் வீட்டில் வாழைப்பழம் கிடையாது, ‘வாயப்பயம்’தான் உண்டு. பள்ளியில் ஆறாம் வகுப்புத் தமிழாசிரியை என்னை எழுப்பி நிறுத்தி, ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்’ என்று சொல்லச் சொல்லுவார். நான் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். “சரியாகச் சொல்” என்று அவர் மறுபடியும் சொல்வாரே தவிர, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடலோரத்துப் பிள்ளைகளுக்கு ழகரம் வராது என்ற முடிவோடு அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார், நானும் அதையே நம்பி வளர்ந்தேன்.

சீன வகுப்பில் முதல் மூன்று வாரங்கள் எழுத்தே கிடையாது, ஒலி மட்டும்தான். ரோமன் எழுத்தில் சீன ஒலிகளைக் குறிக்கும் பின்யின் முறையை, 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட அந்த முறையை, கையில் கொடுத்துவிட்டு, ஆசிரியை ஒரு மெல்லிய தாளை எங்கள் வாய்க்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பின்யினில் ‘p’ என்ற ரோமன் எழுத்தில் எழுதுவதைச் சொல்லும்போது தாள் படபடவென்று ஆட வேண்டும்; ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தில் எழுதுவதைச் சொல்லும்போது அசையவே கூடாது. ஆங்கிலத்தின் வழியே படித்த பழக்கத்தில் நானும் அந்த இரண்டாம் எழுத்தைப் ‘பஸ்’ என்பதில் வருவதுபோல அதிரச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு, ‘பல்’, ‘பானை’ என்று நாம் சொல்லும் பகரமே அங்கு வேண்டிய ஒலி என்று தெரிந்த நாளில், பெய்ஜிங் என்ற பெயரை இத்தனை நாள் ஆங்கில வாயால் சொல்லிவந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. தாளை ஆட வைக்கும் மூச்சொலிதான் நம்மிடம் இல்லை. அதற்கு மட்டும் நான் ஒரு வாரம் தாளோடு மல்லுக்கட்டினேன்.

அதற்கடுத்த பாடத்தில், மனிதன் என்று பொருள்படும் ‘ரென்’ வந்தது. எழுத்தைப் பார்த்து ரகரமாகச் சொன்னேன், ஆசிரியை தலையாட்டி மறுத்தார். பிறகு பலகையில் பக்கவாட்டு முகம் ஒன்றை வரைந்து, வாய்க்குள் நாக்கை வரைந்து, அதன் நுனி மேலே சுருண்டு, அண்ணத்தைத் தொடாமல் சற்று விலகி நிற்பதாகக் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்தபடியே சொல்லிப் பார்த்தேன். மனிதன், சூடு, இறைச்சி என்று அந்த ஒலியில் தொடங்கும் சொற்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லவைத்துவிட்டு, உன் மொழியில் இது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, எனக்குத்தான் வராது என்று சொல்லும் அளவுக்கு அப்போது எனக்குச் சீனம் தெரியாது.

அன்றிரவு விடுதி மாடியில் தனியாக நின்று ‘வாழைப்பழம்’ என்று பத்துமுறை சொன்னேன். பத்துமுறையும் வந்தது. உடனே ஆயாவுக்குப் போன் போட்டு அவரிடமும் சொல்லிக்காட்டினேன். “இன்னாடி, வாய்ல இன்னா வெச்சினு பேசுறே?” என்று கேட்டார்.

ஒலியைவிடக் கொடுமையானது சுரம். சமமாக இழுத்துச் சொன்னால் ‘தாங்’ சூப்பு, குரலை உயர்த்திச் சொன்னால் சர்க்கரை. உணவகத்து அக்காவிடம் நான் இரண்டு வாரம் சர்க்கரை கேட்டிருக்கிறேன், அவரும் சிரித்துக்கொண்டே சூப்பை ஊற்றியிருக்கிறார். (தென்மாவட்டத்தார் சர்க்கரையைச் சீனி என்பதற்குக் காரணமான நாட்டில் நின்றுகொண்டு இந்தக் கூத்து.) எழுத்துகள் அத்தனை பயமுறுத்தவில்லை. மீனைக் குறிக்கும் எழுத்தோடு ஆட்டைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் ‘புத்தம்புதிது, சுவையானது’ என்று பொருள். மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அதை இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியதில்லை. மீனை எண்ணும்போது ‘தியாவ்’ என்ற அளவுச்சொல்லைச் சேர்க்க வேண்டும், அதே சொல்லால்தான் ஆற்றையும் தெருவையும் கால்சட்டையையும் எண்ணுவார்கள். நீளமானவை எல்லாம் ஒரே கணக்கு. கூறு, கூடை என்று மீனைக் கணக்கிடும் எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரின் ஓரத்திலிருக்கும் ஷுன்பு என்ற மீனவர் ஊருக்குப் போனேன். சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய சுவர்கள். கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூச்சரம் சூடிய மூதாட்டிகள் தெருவோரம் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். பூவை எடுத்துவிட்டால் அத்தனை பேரும் எங்கள் ஏலக்கூடத்து ஆயாக்கள்தான், அந்த உட்காரும் தினுசுகூட அப்படியே இருந்தது. அவர்களில் ஒருவரிடம், பாடுபட்டுக் கற்ற உச்சரிப்போடு விலை கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அவர்களுடைய பேச்சு மின்னான். நம் தேயிலையிலும் ஆங்கிலத்து ‘டீ’யிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘தே’ அந்த மொழியின் சொல். பக்கத்திலிருந்த மருமகள் பொதுச்சீனத்தில் மொழிபெயர்த்தார், ஆனால் அவர் வாயில் ‘ரென்’ என்பது ‘லென்’ ஆகியிருந்தது, ‘ஃபூஜியான்’ என்பது ‘ஹூஜியான்’ ஆகியிருந்தது. மின்னானில் ஃபகரம் இல்லை; வடக்கத்தியர் இதை வைத்தே ஃபூஜியான்காரர்களைக் கேலி செய்வார்கள் என்று வகுப்பில் கேள்விப்பட்டிருந்தேன். அவரும் கேலிக்குப் பழகியவர்தான் போலும், என் உச்சரிப்பு தன்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக் கூச்சத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் நான் சிரித்த சிரிப்பு அது.

இந்த ஊருக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. 686இல் நிறுவப்பட்ட கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் செதுக்கிய தூண் நிற்கிறது. சகாப்தம் 1203, அதாவது 1281, சித்திரையில், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் நலனுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்ததாகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டும் இந்த ஊரில் கிடைத்ததுதான். அதன் முடிவில் சீன எழுத்துகளும் உள்ளன. தூணருகே நின்றபோது பெருமையைவிட எனக்குச் சந்தேகமே அதிகமாக வந்தது: சம்பந்தப் பெருமாள் கல்தச்சனிடம் என்ன மொழியில் பேரம் பேசியிருப்பார், சூப்பு கேட்டு எத்தனைமுறை சர்க்கரை வாங்கியிருப்பார்?

திரும்பி வந்த இரண்டாம் நாள் விடியற்காலையில் ஆயாவோடு துறைமுகத்துக்குப் போனேன். கூடையைக் காட்டி, “கிழங்கான் கூறு எவ்வளவு?” என்று ழகரம் தெளியக் கேட்டேன். விற்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முந்நூறு என்றார். ஆயா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே வந்தார்.

“கெயங்கா எவ்ளோப்பா?”

இருநூறு என்றார்.