கதை முடிந்த பிறகு வரும் கேள்வி

நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்ததும் மேய்ப்பன் அதைத் தேடிப் போகும், காணாமல் போன ஆட்டின் கதை முடிந்ததும் பெரும்பாலான வேதாகம வகுப்புகளில், "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று ஆசிரியர் கேட்பார். நான்கைந்து கைகள் உயரும். "இயேசப்பா நம்மைத் தேடி வருவார்" என்று பதில் வரும். அந்தப் பதில் கதை தொடங்கும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். கதைக்குள் ஒருவரும் போகவில்லை.

40 நிமிட வகுப்பில் கதைக்கு 8 நிமிடம் போதும். ரோம் நகரில் 1954-இல் சோஃபியா கவல்லெட்டியும் மொண்டிசோரி ஆசிரியை ஜான்னா கோபியும் தொடங்கிய மறைக்கல்வி முறையில், நல்ல மேய்ப்பனின் உவமை சிறு மர உருவங்களோடு சொல்லப்படுகிறது. அதையே எளிமையாகச் செய்யலாம்: ஒரு பச்சைத் துணி, அட்டையில் ஒரு தொழுவம், ஒரு மேய்ப்பன், 10 ஆடுகள். நூறு வேண்டாம், எண்ணிக்கை கூடினால் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். சொல்லும்போது ஆசிரியரின் கண் உருவங்களின் மேலேயே இருக்கட்டும். அவர் பிள்ளைகளைப் பார்த்தால் அவர்கள் அவரைப் பார்ப்பார்கள், ஆட்டை விட்டுவிடுவார்கள். நடுவில் ஒருவனை அதட்டினால் கதை அங்கேயே உடைந்துவிடும். குறும்புக்காரனின் அருகில் இன்னொரு ஆசிரியர் உட்கார்ந்திருப்பது நல்லது.

பிறகு கேள்விகள். "உனக்குப் பிடித்த இடம் எது?" "மற்ற ஆடுகள் அந்த நேரத்தில் என்ன நினைத்திருக்கும்?" "இந்தக் கதையில் நீ எங்கே இருக்கிறாய்?" கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். இந்த இடைவெளியைத் தாங்க முடியாமல்தான் பலர் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பதிலுக்கு "ஆஹா, அருமை!" என்றால் மற்றவர்கள் அதே மாதிரிப் பதிலைத் தேடுவார்கள். பிள்ளை சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னால் போதும். "தொழுவத்தில் விட்ட ஆடுகளுக்குக் கோபம் வந்திருக்கும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், திருத்த வேண்டாம். வீட்டில் புதிதாகத் தம்பி பிறந்திருக்கலாம்.

வேதாகமத்தில், சிறுவன் சாமுவேலை இரவில் பெயர் சொல்லி அழைத்தது தேவன்தான் என்று, அவனை வளர்த்த ஆசாரியர் ஏலிக்கே மூன்றாம் முறைதான் புரிந்தது. புரிந்த பின்னும், தேவன் என்ன சொல்வார் என்று அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லத்தான் கற்றுக்கொடுத்தார். ஆசிரியரின் வேலை அவ்வளவுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மௌனமும் பழக்கித்தான் வரும். முதல் நாள் வகுப்பில் 20 விநாடியில் தொடங்கலாம். "பேசாதே" என்பதற்குப் பதில், ஒரு மணியைத் தட்டி அதன் ஓசை அடங்கும்வரை கேட்கச் சொல்ல வேண்டும். மெல்ல மெல்லக் கூட்டினால் ஐந்தாவது நாள் வகுப்பில் 2 நிமிடம் எட்டலாம். கண்ணை மூடச் சிலர் பயப்படுவார்கள்; கட்டாயம் வேண்டாம். வேறு மதத்துப் பிள்ளைகளுக்கும் ஜெபத்தைத் திரும்பச் சொல்லும் கட்டாயம் இல்லை. அமைதியாக உட்கார்ந்தால் போதும். சத்தம் போட்டதற்குத் தண்டனையாக அதே மௌனத்தைக் கொடுத்துவிட்டால் மாதக்கணக்கான பழக்கம் ஒரே நாளில் போய்விடும்.

மனப்பாட வசனத்துக்கு நட்சத்திரம் ஒட்டுவதை நாங்கள் ஏற்பதில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளை, பக்தியிலும் தான் கடைசி என்று நினைத்துக்கொள்கிறது. 23-ஆம் சங்கீதத்தின் "நான் தாழ்ச்சியடையேன்" என்ற வரியை நூறு முறை ஒப்பித்தவர்களிடம் பொருள் கேட்டால் விழிப்பார்கள். 'எனக்குக் குறை வராது' என்று முதலில் விளக்கிவிட்டு, சேர்ந்து சொல்லிப் பழக்கலாம். "பொய் சொன்னால் இயேசப்பா தண்டிப்பார்" என்ற மிரட்டலை அடியோடு விட வேண்டும். வகுப்பை அடக்கத் தேவனைப் பிரம்பாக்கினால், தப்பு செய்த அன்று பிள்ளை அவரிடம் போகாது.

பிள்ளைகள் தங்கள் ஜெப விண்ணப்பங்களைச் சீட்டில் எழுதிப் போட ஜெபப் பெட்டி வைத்தால் அன்றன்றே திறந்து, ஆசிரியர் தனியே வாசிக்க வேண்டும். "மாமா அடிக்கிறார்" என்று ஒரு சீட்டு வந்தால், அதை ஜெபத்தோடு விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் போக வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது.

மிகக் கடினமானது, "நான் ஜெபம் பண்ணினேன், பாட்டி ஏன் செத்துட்டாங்க?" என்ற கேள்வி. "பாட்டி தூங்குறாங்க" என்றால் பிள்ளை இரவில் தூங்கப் பயப்படும். "நல்ல பூவைத்தான் கடவுள் பறிப்பார்" என்றால் நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படும். விசுவாசம் போதவில்லை என்பது கொடுமை. "இறந்துவிட்டார்" என்றே சொல்லலாம். "ஏன் என்று எனக்குத் தெரியவில்லை" என்றும் சொல்லலாம். இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவும் கண்ணீர் விட்டார். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கும் 13-ஆம் சங்கீதம் வேதத்திலேயே இருக்கிறது. கோபத்தோடும் ஜெபிக்கலாம் என்று பிள்ளைக்குக் காட்டலாம். பிறகு அந்தத் தேதியைக் குறித்துவைத்து, ஒரு மாதம் கழித்து, "பாட்டி ஞாபகம் வருதா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். அதற்குள் மற்ற எல்லோரும் கேட்பதை நிறுத்தியிருப்பார்கள்.