பற்களுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி

மாதந்தோறும் 20-ஆம் தேதி நெருங்கினால் எனக்குத் தலைவலி வந்துவிடும். கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு அந்தத் தேதியின் கனம் தெரியும். ஜிஎஸ்டி கணக்கை அதற்குள் தாக்கல் செய்தாக வேண்டும். பிற்பகல் மூன்று மணியளவில் பிடரியில் தொடங்கி, இரண்டு பொட்டுகளையும் சுற்றிக்கொண்டு, துண்டை முறுக்கிக் கட்டியது போல நெற்றியைப் பிடித்துக்கொள்ளும் வலி அது. விண்விண்ணென்று தெறிக்காது, குமட்டாது, படுக்கையிலும் தள்ளாது. ஆனால் இரவு வரை விடவும் விடாது. தைலம் தடவுவேன், காபி குடிப்பேன், இரண்டுக்கும் மசியாவிட்டால் மாத்திரை போடுவேன்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே என்னைத் திகைக்க வைத்தது. மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதும் நான் என் கணக்கை வைத்திருக்கவில்லை. அடுத்த மாதம் நாட்காட்டியில் குறித்து வந்தபோது 17 நாட்கள் என்று தெரிந்தது. சாதாரண வலி மாத்திரையாக இருந்தாலும், மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கச் செய்துவிடக்கூடும் என்று அவர் விளக்கினார். அவர் சொன்னபடி நிறுத்தியபோது முதல் பத்து நாட்கள் வலி முன்பைவிட அதிகமாகவே இருந்தது. அந்த நாட்களில்தான் அவர் அனுப்பிய இயன்முறை மருத்துவரிடம் போனேன்.

உடம்பைத் தளர விடுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்துப் போனவனிடம் அவர் முஷ்டியை மடக்கச் சொன்னார். பாயில் மல்லாந்து படுத்து, வலது கையை ஏழெட்டு விநாடி இறுக்கிப் பிடித்து, முன்கையில் எந்த இடத்தில் இழுக்கிறது என்று கவனித்து, பிறகு சட்டென்று விட்டுவிட்டு, அரை நிமிடம் அந்தக் கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு மேல்கை, நெற்றி, கண், தாடை, கழுத்து, தோள், வயிறு, தொடை, பாதம் என்று ஒவ்வொன்றாக. தோளுக்கு வந்தபோது இரண்டையும் காது வரை தூக்கி இறக்கச் சொன்னார். இறக்கிவிட்டேன் என்றேன். "இல்லை சார், இடது தோள் இன்னும் இறங்கவில்லை" என்று சொல்லி, விரலால் லேசாகத் தொட்டுக் காட்டினார். அவர் தொட்ட பிறகுதான் அது இறங்கியது. எத்தனை ஆண்டுகளாக அந்தத் தோளைத் தூக்கியபடியே நடந்துகொண்டிருந்தேனோ என்று அன்றிரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் இந்த முறையை உருவாக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர். 1929-இல் இதைப் பற்றி விரிவான நூல் எழுதினார். தசைகளில் ஓடும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கருவி வைத்து அளந்த அவர், ஒருவர் அசையாமல் படுத்துக்கொண்டு கையை மடக்குவதாக மனத்தில் நினைத்தாலே அந்தக் கையின் தசையில் மின்னசைவு தெரிவதைக் கண்டார். இதைப் படித்தபோது எனக்கு என் தாடைதான் நினைவுக்கு வந்தது. 20-ஆம் தேதியைப் பற்றி நான் 12-ஆம் தேதியே நினைக்கத் தொடங்கிவிடுகிறேன்; நினைக்கும் போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். இன்னும் தொடங்காத வேலைக்கு உடம்பு முன்னாலேயே போய் நின்றுகொள்கிறது. ஜேக்கப்சன் இதைப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கற்பித்தார். இன்று பரவலாக இருக்கும் பதினாறு தசைத் தொகுதிகள் கொண்ட வடிவம் பின்வந்தவர்கள் சுருக்கியது.

நோய்க்கு மனமும் காரணம் என்று சொன்னவுடன் அதைப் பழியாக மாற்றிவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. "எல்லாம் உன் மனசுலதான்டா இருக்கு, தைரியமா இரு" என்று என் அத்தை அன்போடுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்ட ஒவ்வொரு முறையும் என் தோள் இன்னும் ஓர் அங்குலம் ஏறியது. வலி கற்பனை இல்லை, வலி குறைவதும் கற்பனை இல்லை. 1978-இல் கலிஃபோர்னியாவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர், பல் பிடுங்கிய நோயாளிகளிடம் செய்த ஆய்வு இதற்குச் சாட்சி. மருந்தே இல்லாத போலி மருந்தால் சிலருக்கு வலி குறைந்தது. ஓபியம் வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி கூடியது. நம்பிக்கையால் வந்த நிவாரணத்துக்குப் பின்னால் உடம்பே சுரந்த வலிநீக்கிகள் இருந்தன என்று அவர்கள் முடிவுசெய்தனர். ஆகவே மனத்தால் வலி குறைகிறது என்று சொல்லும்போது, உடம்புக்கு வெளியே நடக்கும் எதையோ பற்றி நாம் பேசவில்லை.

தளர வேண்டும் என்று பாடுபட்டால் தளர முடியாது என்பதைக் கற்கத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. இறுக்கத்தை அடையாளம் கண்டு அதை நிறுத்துவது மட்டுமே நம் வேலை. மூன்றாவது வாரத்தில் இயன்முறை மருத்துவர் முஷ்டியைப் பாதி பலத்தில் மடக்கச் சொன்னார், பிறகு கால் பலத்தில், கடைசியில் மடக்க நினைப்பதோடு நிறுத்தச் சொன்னார். அந்தக் கடைசி நிலையில், வெளியே எதுவும் அசையாதபோதும், முன்கையில் மெல்லிய விறைப்பு ஓடியதை என்னால் உணர முடிந்தது. எனக்கு உண்மையில் பயன்பட்டது அந்த உணர்வுதான். ஏனென்றால் அலுவலகத்தில் பாய் விரித்துப் படுக்க முடியாது.

மூச்சையும் இதனோடு சேர்த்துக்கொண்டேன். வெளிமூச்சு விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு நிதானமாக மூச்சை விட்டுப் பார்த்தால் பலருக்கு அது விரலிலேயே தெரியும். உள்ளிழுக்க நான்கு எண்ணிக்கை, விட ஆறு. இரவில் தூக்கம் பிடிக்காதபோதும், பதற்றத்தில் வயிற்றைப் பிசையும்போதும் எனக்கு இது கைகொடுக்கிறது. காய்ச்சலையோ சர்க்கரையையோ இது தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திடீரென்று இடி விழுந்தது போலத் தாக்கும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி ஆகியவற்றுக்குப் பாயில் படுத்து முஷ்டியை மடக்கிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

உதடு மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே தாடையின் ஓய்வுநிலை என்று அந்த இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார். கணினித் திரையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சிறு வட்டத்தை ஒட்டிவைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும் போதெல்லாம் பற்களைப் பிரிக்கிறேன், இடது தோளை இறக்குகிறேன், ஒரு நீண்ட மூச்சு விடுகிறேன். சென்ற மாதம் 20-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கும் பிடரியில் லேசான கனம் இருந்தது. நாட்காட்டியில் அந்த மாதத்துக்கான மாத்திரைக் குறிகள் மூன்று.