தருமியின் புத்தகம்

பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டது அரைப் பக்கம். "புத்தகம் போட்டிருக்கீங்களாமே, மலருக்கு நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார். அந்த நாலு வரி இது: என் முதல் கவிதைத் தொகுப்பு வந்துவிட்டது. பெயர் 'மணல்தின்று தூங்கும் நதி'. 96 பக்கம், 300 பிரதி. அதில் அறுபது சிங்கப்பூரில் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வேண்டியவர்கள் சொல்லியனுப்பலாம்.

மிச்சத்தை எழுதுவது தமிழய்யா போய்விட்டதால். ஆவணியில் செய்தி வந்த அன்று நம் 1984 ப்ளஸ் டூ வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு வாங்கிய அடியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டேய் தருமி, உன்னைத்தான்டா ரொம்பப் படுத்திட்டாரு" என்று ஒருவன் எழுதினான். பேரன் எடுத்த பிறகும் நான் தருமிதான்.

அப்போது லீவில் இருந்தவர்களுக்காக: ஆறாவது பீரியட். வைகையைப் பற்றி ஆளுக்கொரு வெண்பா எழுதிவரச் சொல்லியிருந்தார். பாதிப் பேர் சிலப்பதிகாரத்திலிருந்து 'பொய்யாக் குலக்கொடி'யை உருவி முதலடியில் செருகியிருந்தான்கள். 1959இல் அணை கட்டிய பிறகு நம் ஊருக்கு வைகை என்பது, சித்திரையில் அழகர் இறங்கத் திறந்துவிடும் தண்ணீர்தானே. மற்ற நாளில் கல்பாலத்துக்குக் கீழே மாடு மேயும், துணி காயும். என் ஈற்றடி 'மணல்தின்று தூங்கும் நதி' என்று முடிந்தது.

ஐயா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

"அலகிடு."

அடியை அசை பிரித்துக் காட்டச் சாக்பீஸை வாங்கினேன். மணல்தின்று: நிரை நேர் நேர், புளிமாங்காய். அதுவரை தப்பித்தேன். "காய் முன் நேர் வந்திருக்கு. என்ன தளை?" சீரோடு சீர் சேரும் கட்டுக்குத்தான் தளை என்று பேர். வாய் திறக்கவில்லை. "சரி, நதிக்கு வாய்பாடு?" 'மலர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பிறப்பு" என்றேன்.

"தளையே தெரியாதவனுக்குத் தளை தட்டாத அடி எங்கிட்டிருந்துடா வந்துச்சு? சொக்கநாதர் எழுதிக் குடுத்தாரா?"

வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை பெஞ்சுமேல் நின்றேன். அந்தத் தருமிக்காவது கடைசியில் பொற்கிழி கிடைத்தது. எனக்குப் பேர் மட்டும்.

நாற்பது வருஷமாக இதை அநியாயம் என்றே சொல்லிவந்தேன். 1904இல் பாரதியார் சேதுபதி பள்ளியில் சில மாதம் வாத்தியாராக இருந்த ஊர். அவர் பாட்டு முதன்முதலில் அச்சேறியதும் இதே ஊர் 'விவேகபானு'வில்தான். அப்பேர்ப்பட்ட மதுரையில் ஒரு பையன் பாட்டு எழுதினான் என்றால் நம்ப ஆளில்லை என்று இங்கே ஒரு மேடையிலும் பேசினேன். நல்ல கைதட்டல்.

அந்த அடி என்னுடையது இல்லை.

முதல் மூன்றடி நான் எழுதியது. நாலாவது அமையாமல் திண்ணையில் முனகிக்கொண்டிருந்தேன். அக்கா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு நின்றவள். "ஆறு என்னதான்டா பண்ணுது, அதைச் சொல்லேன்" என்றாள். "ஒண்ணும் பண்ணலை, தண்ணியே இல்லையே." இராட்டையை நிறுத்தவில்லை. "அப்ப மணல் தின்னு தூங்குதுன்னு எழுது." தின்னுவைத் தின்று ஆக்கி நதியை ஒட்டவைத்தது மட்டும் என் கைவேலை. பெஞ்சுமேல் நின்றபோது "எங்கக்கா சொன்னது" என்று சொல்லியிருக்கலாம். இன்னும் சிரிப்பார்கள் என்று பயம். வேறு பயமும் இருந்திருக்கும்.

சித்திரையில் புத்தகத்தை நம் செட் பையன் ஒருவன் மூலம் ஐயாவுக்குக் கொடுத்தனுப்பினேன். வணக்கத்துக்கு அல்ல, வழக்கை முடிக்க. பதில் இல்லை. காரியம் முடிந்ததும் அவர் மகன் அந்தப் பிரதியைத் திருப்பித் தர, கொண்டுபோன நம் செட் பையன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினான். பதினேழு இடத்தில் பென்சில். 'வைகை கரை'க்கு நடுவே ஒரு 'க்'. புதுக்கவிதைகளுக்கு ஒற்று போட்டதோடு சரி, வேறு ஒரு வார்த்தை இல்லை. 73ஆம் பக்கத்தில் அந்த வெண்பா. சீர்சீராகக் கோடு கிழித்து, நடுங்கிய கையால் அலகிட்டிருந்தார். பிழை எதுவும் காட்டவில்லை. ஈற்றடியின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

அக்கா இன்னும் செல்லூரில்தான் இருக்கிறாள். தறியை எப்போதோ விற்றாயிற்று. ரெண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று 1991இல் அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவன் நான். கேள்விக்குறியைப் பார்த்த அன்று ராத்திரி போன் போட்டேன். புத்தகம் போய்ச் சேர்ந்திருந்தது. கண் தெரியவில்லையாம், பேத்தி அட்டையை வாசித்துக் காட்டினாளாம்.

"பேரு நல்லாருக்குடா தம்பி. நீயா வச்ச?"

"நான்தான்க்கா" என்றேன்.