அத்தானின் புலி வேட்டை

சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலியை 1930களில் சுவா சூ காங் பக்கம் சுட்டுவிட்டார்கள் என்பார்கள். அதற்குப் பிறகு இந்தத் தீவில் புலி வேட்டைக்குக் கிளம்பியவர், எனக்குத் தெரிந்து, என் அத்தான் ஒருவர்தான். துப்பாக்கிக்குப் பதில் கைப்பேசி. உடை, அரைக்கால் சட்டை.

இடம் சாங்கிக் கடற்கரை. நீர் இறங்கி ஈரமணல் அகலமாகக் கிடந்தது. அக்கா பாய் விரித்து எலுமிச்சைச் சோற்றையும் நெத்திலிச் சம்பாலையும் எடுத்து வைப்பதற்குள் அக்கா மகள் யாழினி கூவினாள்: "அப்பா, புலி வண்டு!"

பார்த்தால் விரல் நகம் அளவுதான் இருந்தது. கருத்த முதுகு, ஓரத்தில் வெளிர் கோடுகள், துருத்திய பெரிய கண்கள், உடம்புக்குப் பொருந்தாத நெட்டைக் கால்கள். மணல் சுட்டால் அந்தக் கால்களை நிமிர்த்தி உடம்பை மேலே தூக்கிக்கொள்ளுமாம். சின்னப் பூச்சிகளை விரட்டிப் பிடித்து, வளைந்த தாடைகளால் கசக்கிச் சாறாக்கிக் குடிப்பது அதன் பிழைப்பு.

"ஒரு படம் எடுத்துவிட்டு வருகிறேன்" என்று அத்தான் எழுந்தார். அவர் மாரத்தான் ஓடுகிறவர். அதை அவரே அடிக்கடி சொல்வார்.

நெருங்கினார். வண்டு விருட்டென ஓடி நின்றது. மறுபடி நெருங்கினார், மறுபடி ஓடி நின்றது. பாய்ந்தார். அது பறந்து சில அடி தள்ளி இறங்கி, அவரையே பார்த்தபடி திரும்பி நின்றது. புலி வண்டுகளுக்கு இது வழக்கம்தானாம். அத்தான் மட்டும் அதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

"அப்பா, ஓடும்போது அதற்குக் கண் தெரியாது, அதனால்தான் நின்று நின்று போகிறது" என்றாள் யாழினி. அவள் சொன்னது உண்மை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோல் கில்பர்ட் என்பவர் 1998இல் விளக்கியது அது. வண்டின் வேகத்தில், கண்ணில் விழும் ஒளி உருவம் தெரியப் போதாமல் போகிறது. ஆகவே நின்று, இரை எங்கே என்று பார்த்துக்கொண்டு, மறுபடி ஓடுகிறது. வழியில் முட்டிக்கொள்ளாமல் இருக்க உணர்கொம்புகளை முன்னால் விறைப்பாக நீட்டிக்கொள்கிறது.

அத்தானுக்கும் ஓடும்போது கண் தெரியாது. உணர்கொம்பும் கிடையாது. பக்கத்துக் குடும்பம் கட்டியிருந்த கூடாரத்தின் கயிற்றில் கால் மாட்டி, அவர்களுடைய மீ கோரிங் நூடுல்ஸுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தார். அந்த மலாய்ப் பாட்டி பதறிப்போய் அவருக்கு ஒரு தட்டு நீட்டினார். பசி என்று நினைத்துவிட்டார் போலும்.

"ஆஸ்திரேலியாவில் ஒரு புலி வண்டு மணிக்கு 9 கிலோமீட்டர் ஓடுகிறதாம்" என்று நான் ஆறுதல் சொன்னேன். அத்தானின் முகம் வாடியது. அவருடைய மாரத்தான் வேகமும் ஏறத்தாழ அதுதான்.

என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்தில் கெட்டிக்காரர் வண்டு அல்ல, அதன் புழு. மண்ணில் செங்குத்தாக வளை தோண்டி, தட்டைத் தலையால் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எறும்பு எதுவும் பக்கத்தில் வந்தால் எட்டிக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். இரை திமிறினாலும் வெளியே வந்துவிடாதபடி முதுகில் கொக்கிகள் இருக்கின்றன. சோம்பேறிகளின் குலதெய்வமாக வைத்துக் கும்பிடலாம். அமெரிக்கக் கடற்கரை இனம் ஒன்றின் புழு, ஆபத்து வந்தால் எகிறி உடம்பைச் சக்கரமாகச் சுருட்டி, காற்று தள்ளத் தள்ள மணலில் உருண்டே தப்பிக்கும். ஓடக்கூட வேண்டியதில்லை.

இதற்கிடையே அக்கா பாயை விட்டு நகரவில்லை. பொட்டலம் பிரிக்கையில் சிதறிய நெத்திலித் துண்டு ஒன்று மணலில் கிடந்தது. கடற்கரைப் புலி வண்டுகளில் செத்த மீனைத் தின்பவையும் உண்டு. ஒன்று வந்து அதில் வாய் வைத்தது. அக்கா இடது கையால் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துவிட்டு, வலது கையால் சோறு பிசைவதைத் தொடர்ந்தார்.

தாடை, கண், காலில் ஒட்டிய மணல் வரை எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது. அன்று இரவு அத்தான் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "சாங்கியில் கடும் போராட்டத்துக்குப் பிறகு" என்று ஒரு வரி. யார் எடுத்தது என்று எழுதவில்லை.

அக்கா சிரித்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டார். தஞ்சாவூரிலிருந்து பெரியப்பாதான் முதலில் பதில் போட்டார்: "கரப்பான் பூச்சிக்கா மாப்பிள்ளை இவ்வளவு பாடு?"