தொங்கவிட்டு முறுக்கிய போல்ட்டு

அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் சிப்காட்டுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவன் நான். போக வர 50 கிலோமீட்டருக்கு மேல். பஸ் மாறி மாறி ஷிப்டுக்கு ஓடி அலுத்துப்போய், 2025 மார்ச்சில் ஒரு பழைய ஸ்விஃப்ட் டீசல் வாங்கினேன். 2014 மாடல், பி.ஒய். 01 பதிவு, மீட்டரில் 92,000. விற்றவர் பழைய பில்களையெல்லாம் ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பில், ஒன்றரை வருடத்துக்கு முன்பு முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கிற இரும்புக் கை) இரண்டும் புதிதாகப் போட்டதற்கானது. “சஸ்பென்ஷன் வேலையெல்லாம் முடிச்சாச்சு சார், நீங்க டீசல் ஊத்தி ஓட்டுறதுதான் பாக்கி” என்றார். பில்லே இருக்கிறதே என்று நானும் நம்பிவிட்டேன்.

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் அதற்குப் பின்னால் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் எங்கள் பக்கத்துச் சாலைகளை என்ன பாடு படுத்தின என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுப்போட்ட தார், ஒட்டுக்கு மேல் ஒட்டு. வண்டி வாங்கி மூன்று மாதத்தில், தவளக்குப்பம் தாண்டும்போது இடது முன்சக்கரத்துப் பக்கம் ‘டொக்’ என்று கேட்டது. மெதுவாகப் போய்ச் சின்னக் குழியில் இறங்கினால் கேட்கும். பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினால் கேட்காது. அப்புறம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முள்ளோடையில் டீசல் போட பங்க்குக்குள் திரும்பும்போது பிரேக்கை அழுத்தினால் காலுக்கடியில் ஒரு ‘தட்’. கூடவே ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுக்கும்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். பானெட்டின் மூலையை இரண்டு பேர் அமுக்கி விட்டார்கள், வண்டி ஆடி நின்றது, “ஷாக் போச்சு சார்” என்றார்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தது உண்மைதான், அதை நானே தொட்டுப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டும் மாற்றி, கூலியோடு 7,400 ரூபாய். நாலு நாள் சத்தம் குறைந்தது போல இருந்தது. காசு கொடுத்தவன் காதுக்கு அப்படித்தான் கேட்கும். ஐந்தாம் நாள் ரெட்டிச்சாவடியில் அதே ‘டொக்’. திரும்பப் போய்ச் சொன்னால், “புது ஷாக் சார், செட் ஆக கொஞ்சம் டைம் எடுக்கும்” என்றார்கள். ஷாக் என்ன புதுச் செருப்பா, காலுக்குப் பழக?

கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஒருவர்தான் திருப்பாப்புலியூரில் ஒரு பாய் ஷெட்டைக் காட்டினார். (திருப்பாதிரிப்புலியூர் என்று முழுசாகச் சொல்லி வழி கேட்டால் கடலூரில் ஒரு நொடி யோசிப்பார்கள்.) பாய்க்கு அறுபது வயதிருக்கும். பானெட்டைத் தொடவே இல்லை. சாவியை வாங்கி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினார். சுவரில் பட்டுச் சத்தம் திரும்பிவரும்போது எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரிகிறது. உள்ளே உட்கார்ந்து கேட்கும்போது டாஷ்போர்டுக்கு நடுவிலிருந்து வருவது போல இருந்த சத்தம், அப்போது சரியாக இடது சக்கரத்தில் கேட்டது.

ஷெட்டுக்கு வந்து ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் தள்ளிவிட்டுத்தான் தலையை உள்ளே விட்டார். அதற்கு முன்பே, சக்கரம் மாட்டியிருக்கும்போது, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார்: கொஞ்சம் ஆட்டம். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார்: ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனையில், அதாவது டை ராட் எண்டிலும் ஆட்டம். அப்புறம் ஒரு லீவர் ராடை லோயர் ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். “தம்பி, டார்ச்ச இங்க அடி.” அடித்தேன். ஆர்மைச் சட்டத்தோடு மாட்டும் இடத்தில் இருக்கிற ரப்பர் உருளைதான் புஷ். பின் புஷ்ஷின் ரப்பர் அரை வட்டத்துக்குக் கிழிந்து, நெம்ப நெம்ப வாய் திறந்து மூடியது. விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி. பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது, அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய ரப்பர் கிழிந்திருக்கிறது, ஆர்ம் போய் இரும்பில் இடிக்கிறது. அந்த ‘தட்’டுக்கும் இடது இழுப்புக்கும் காரணம் அதுதான்.

‘டொக்’ தனி ஆள். வண்டியை இறக்கிவிட்டு என்னைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார். அவர் கையை உள்ளே விட்டு லிங்க் ராடின் (வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு) தலையில் விரலை வைத்துக்கொண்டார். அப்புறம் இடம் மாறி என் விரலை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே ஒரு குண்டு தட்டுவது விரலில் தெரிந்தது. காதை விட விரல் சரியாகச் சொல்கிறது.

பையிலிருந்த அந்த பில்லைக் காட்டினேன். ஒன்றரை, இரண்டு வருடத்தில் புஷ் கிழியுமா, போலிச் சரக்கா என்று கேட்டேன். பாய் ஆர்மைத் தேய்த்துப் பார்த்து, கம்பெனி சரக்குதான் என்றார். “சாமான் மேல தப்பு இல்ல. மாட்டினவன் தொங்கவுட்டு முறுக்கியிருப்பான்.” அப்போது எனக்குப் புரியவில்லை.

சாமான் நானே வாங்கி வருகிறேன் என்றேன். ஆர்மின் வெளி முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயிண்ட், என் வண்டியில் அது ஆர்மோடு சேர்ந்தே வரும். புஷ்ஷை மட்டும் ப்ரஸ்ஸில் தள்ளிப் புதிதாக ஏற்றினால் மலிவாக முடியும். ஆனால் என் பால் ஜாயிண்ட்டிலும் ஆட்டம் இருந்ததால் முழு ஆர்மாகவே போட்டுவிட்டேன். புதுச்சேரியில் ஸ்பேர்ஸ் கடையில் 900 ரூபாய்க்கும் ஆர்ம் இருந்தது, 1,950-க்கும் இருந்தது. இரண்டையும் கையில் வாங்கி புஷ்ஷை நகத்தால் அழுத்தினால் வித்தியாசம் தெரிகிறது, மலிவானதில் ரப்பர் பொருபொருவென்று இருக்கிறது. விலை கூடியதையே இரண்டு பக்கத்துக்கும் எடுத்தேன். லிங்க் ராடும் ஜோடியாக, 1,100. இடது டை ராட் எண்டு 480. பால் ஜாயிண்ட்டைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டு நட்டும் புதிதாக வாங்கு என்று பாய் சொல்லியிருந்தார், ஜோடி 120. ஏன் என்பது மறுநாள் தெரிந்தது.

கடற்கரை ஊரில் பத்து வருடம் ஓடிய வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று தெரியும். வலது பக்கம் ஒரு மணி நேரத்தில் கழன்று வந்துவிட்டது. இடது பக்கம் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பால் ஜாயிண்ட்டைக் கவ்வும் அந்த ஒரு போல்ட்டு, நட்டைக் கழற்றியும் நகரவில்லை. முந்தின நாள் சாயங்காலமே துரு எண்ணெய் அடித்து ஊற வைத்திருந்தும் அசையவில்லை. கூட இருந்த பையன் சுத்தியலை ஓங்க, பாய் தடுத்தார். முனை மழுங்கிப் பூப்போல விரிந்துவிட்டால் அப்புறம் டிரில் போட வேண்டும், நக்கிளே போனால் செலவு ஆர்மை விடப் பெரிசு. பழைய நட்டையே முனைவரை திருப்பி ஏற்றிப் போல்ட்டைக் காப்பாற்றிக்கொண்டு, நக்கிளை காஸ் வைத்துச் சூடாக்கி, தலைப்பக்கம் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாகக் கால் கால் சுற்று. டீ வந்து, ஆறி, இன்னொரு டீ வந்தது. ஒரு கட்டத்தில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். அன்று காலையிலிருந்து நான் கேட்ட சத்தங்களில் அதுதான் இனிமையானது. வெளியே வந்த போல்ட்டின் நடுப்பகுதி கரும்பைக் கடித்தது மாதிரி அரித்துப்போயிருந்தது. அதையே திரும்பப் போட்டு, நெடுஞ்சாலையில் 80-ல் போவதை நினைத்துப் பார்த்தேன்.

புது ஆர்மை ஏற்றினார்கள். பையன் புஷ் போல்ட்டுகளை முறுக்க ஆரம்பித்ததும் பாய் சத்தம் போட்டார். “கைல ஏத்திட்டு வுடு! இறுக்காதடா!” அப்போதுதான் எனக்கு விளக்கினார். புஷ்ஷுக்கு நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருக்கிறது. போல்ட்டை முறுக்கினால் நடுக்குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது திருகுவது ரப்பர் மட்டும்தான். சக்கரம் காற்றில் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்த நிலையில் பூட்டிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறியபடி நிற்கும். குழியில் இறங்கினால் அதற்கு மேலும் முறுக்கு. “துணியப் புழிஞ்ச மேனிக்கே கொடியில போட்டு, அப்படியே இன்னும் புழிஞ்சா?” என்றார். பில் இருந்தும் புஷ் ஏன் கிழிந்தது என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

ஆர்மின் வெளி முனைக்கு, பால் ஜாயிண்ட் பக்கமாக, ஜாக்கி கொடுத்து, வண்டி ஸ்டாண்டை விட்டு மயிரிழை எழும்பும்வரை ஏற்றினார். வண்டியின் கனம் இப்போது ஆர்மில். அந்த நிலையில்தான் முன் புஷ், பின் புஷ் இரண்டையும் இறுக்கினார். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள் பாய் என்று நான் கேட்டதும் சிரித்தார். சிலிண்டர் ஹெட்டுக்கு மட்டும் எடுக்கிற ரெஞ்சாம். ஆனாலும் துணி சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து, கம்பெனி மேனுவலில் இருக்கிற அளவை போனில் பார்த்து இறுக்கினார். கூலி 2,200.

மறுநாள் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, 450 ரூபாய். ஷாக் மாற்றியபோதே அது செய்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்குள் இடது டயரின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். ஆக இந்தத் தடவை மொத்தம் 8,250. முன்பு கொடுத்த 7,400 தனி.

‘டொக்’கும் இல்லை, ‘தட்’டும் இல்லை. 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சொன்னபடி போல்ட்டுகளைச் சரிபார்க்க பாயிடம் போனேன். எல்லாம் அப்படியே இருந்தன. வண்டியை எடுத்துத் திரும்பும்போது, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் மேலிருந்து ‘கறக்’ என்றது. பாய் ஸ்பிரிங்கின் மேல் கை வைத்து, இன்னொரு தடவை ஒடிக்கச் சொன்னார்.

“ஸ்ட்ரட் மவுண்ட், தம்பி. ஷாக்கைக் கழட்டினப்பவே புதுசு போட்டிருக்கணும். பழசையே வெச்சு மூடியிருக்கானுங்க.”

ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிணைக்கிற பாகம் அது. மாற்ற வேண்டுமானால் மறுபடி ஷாக்கை இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும். அலைன்மெண்ட்டும் இன்னொரு தடவை. தீபாவளி போனஸ் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.