டாக்டர்களுக்காக எழுதப்படாத ஒரு மருத்துவ இதழ்

1772 அக்டோபர் 17, மெக்சிகோ நகரம். அப்போது அது ஸ்பெயின் ஆட்சியின் கீழ் இருந்த நியூ ஸ்பெயினின் தலைநகரம். ஹோசே இக்னாசியோ பார்தொலாச்சே என்ற மருத்துவர் அன்றைக்கு ‘மெர்க்கூரியோ வோலாந்தே’ என்ற சிறு இதழின் முதல் வெளியீட்டைக் கொண்டு வந்தார். அமெரிக்கக் கண்டத்தின் முதல் மருத்துவ இதழ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். நியூயார்க்கில் ‘மெடிக்கல் ரெப்பாசிடரி’ என்ற மருத்துவ இதழ் வந்தது 1797-ல், அதாவது கால் நூற்றாண்டு கழித்து.

ஆனால் முதலில் வந்தது யார் என்பதைவிட, யாருக்காக எழுதினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முழுக்க லத்தீனில் நடந்த காலம் அது, பெண்களுக்கோ உள்ளே இடமே கிடையாது. பார்தொலாச்சே ஸ்பானிஷில் எழுதினார், லத்தீன் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று. வெப்பமானியும் காற்றழுத்தமானியும் எப்படி வேலை செய்கின்றன, மருத்துவனுக்கு உடற்கூறு ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினார்.

ஆறாவது இதழ் கன்னிமாடங்களில் இருந்த பெண்களின் ஹிஸ்டீரியா (படபடப்பு, மயக்கம், வலிப்பு போன்றவற்றுக்கு அன்று வைத்த பெயர்) பற்றியது. அதற்கு அவர் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: இனிப்பும் சாக்லெட்டும் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, இறுக்கமான உடை, நேரம் கழித்துப் படுத்து நேரம் கழித்து எழுவது. இன்றைய மருத்துவம் இதை ஏற்காது, சரி. ஆனாலும் பேய், பாவம் என்று போகாமல் சாப்பாட்டிலும் துணியிலும் தூக்கத்திலும் காரணம் தேடியிருக்கிறார் பாருங்கள், அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

அப்புறம் புல்கே. மகேய் என்ற கற்றாழை இனச் செடியின் நடுக்குருத்தை வெட்டிக் குழியாக்கினால் இனிப்பான சாறு ஊறும். அதைத் தினமும் உறிஞ்சி எடுத்து, தோல் தொட்டிகளில் ஊற்றிப் புளிக்க வைத்தால் வெள்ளையாக, கொழகொழவென்று, நம் ஊர்க் கள் மாதிரி ஒரு பானம். ஏழைகளும் பழங்குடிகளும் அன்றாடம் குடித்தது. அரசு அதற்கு வரி போட்டுச் சம்பாதித்தது, மேட்டுக்குடி முகம் சுளித்தது. பார்தொலாச்சே அதைச் சோதனை செய்து பார்த்து, ஒன்றல்ல, தொடர்ந்து சில இதழ்களில் எழுதினார். ஏழைகளின் பானமும் ஆராயத் தகுந்த பொருள்தான் என்று 1772-லேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது!

இதழ் நீடிக்கவில்லை. மொத்தம் 16 வெளியீடுகள்தான், 1773 பிப்ரவரி 10-ஓடு நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. 1774-ல் தான் தயாரித்த இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு ஒரு விளக்கத் துண்டறிக்கை போட்டார், ஸ்பானிஷில் மட்டுமல்ல, உள்ளூர் மக்கள் பேசிய நஹுவாட்ல் மொழியிலும். 1779-ல் பெரியம்மை வந்தபோது, நோயாளிகளைக் கவனிப்பது எப்படி என்று மக்களுக்கு ஒரு கையேடும் எழுதினார்.