அக்காவின் இரண்டு கேள்விகள்

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையை அரிக்கும் நோய்) என்று உறுதியான நாள்முதல் அவள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு: மகளுக்கும் இது வருமா? தான் எவ்வளவு காலம் பிடிமானமின்றி நடக்க முடியும்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு வேறுபாடுகளில் வலுவானது எச்எல்ஏ-டிஆர்பி1*15:01. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அது வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. 47,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, இருநூறுக்கும் மேற்பட்ட வேறுபாடுகளை இனங்கண்டது. அவற்றில் பெரும்பாலானவை நோய் எதிர்ப்பு அணுக்களோடு தொடர்புடையவை. ஆனாலும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால், மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். நோயாளிகளின் பிள்ளைகளிலோ நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கே வருகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றும், புகைப்பழக்கமும், வைட்டமின் டி குறைவும் மரபணுவோடு சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. மகளைப் பற்றிய கேள்விக்கு இந்த எண்களை நான் தயங்காமல் சொன்னேன்.

இரண்டாவது கேள்வி அப்படிப்பட்டதல்ல. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் அக்காவின் வலக்கண்ணுக்குச் சுவர்க் காலண்டரின் தேதி மங்கிவிடும். மின்விசிறியின் கீழ் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எண்கள் மெல்லத் தெளியும். மையலின் என்னும் உறையை இழந்த நரம்பிழையில் சூடு சற்றே ஏறினாலும், சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் விரைந்து மூடிக்கொள்வதால் நரம்பின் மின்துடிப்பு நடுவழியில் நின்றுவிடுகிறது. இது தற்காலிகம். ஆனால் உறையற்ற இழை துடிப்பைக் கடத்தக் கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டியிருப்பதால், இழைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா ஈடுகொடுக்க முடியாத கட்டத்தில் சோடியமும் அதைத் தொடர்ந்து கால்சியமும் உள்ளே தேங்கி, இழையே சிதையத் தொடங்குகிறது.

2023-இல் வெளியான ஆய்வொன்று, நோய் விரைவதோடு தொடர்புடைய வேறுபாட்டை 2-ஆம் குரோமோசோமில் கண்டறிந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு ஊன்றுகோல் தேவைப்படும் காலம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முந்துகிறது. அந்த ஆய்வு சுட்டியது எதிர்ப்பு அணுக்களை அல்ல, மூளையையும் தண்டுவடத்தையும்தான். நோயை வரவழைப்பது ஒன்று, நடையைத் தளர்த்துவது வேறொன்று என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் திடீர்த் தாக்குதல்களை வெகுவாகக் குறைத்தும், இந்த மெதுவான தளர்ச்சியை அந்த அளவுக்குத் தடுக்காததன் காரணமும் இதனால் ஓரளவு விளங்குகிறது. எம்ஆர்ஐ-யில் புதிய புள்ளி ஏதுமில்லை என்ற அறிக்கையைக் கையில் பிடித்தபடி, போன ஆண்டு நிற்காமல் ஏறிய மாடிப்படியில் அக்கா இப்போது பாதியில் நின்று இளைப்பாறுகிறாள்.